வானமும் வாணமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

தீபாவளிக்கு முந்திய ஒரு மாலைப் பொழுதில், சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட கரிசற்காட்டில் நின்று அண்ணாந்து நோக்குவார்க்கு வானில் மூன்று பொருள்கள் தென்படக்கூடும். ஒன்று, சிறகசைக்காமல் வட்டமிடும் பருந்து. மற்றொன்று, மதுரை நிலையத்தை நோக்கிச் செல்லும் வானூர்தி. மூன்றாவது, யாரோ கொளுத்திவிட்ட ராக்கெட் வாணம். உடன் நிற்கும் குழந்தை, "இவையெல்லாம் ஏன் கீழே விழவில்லை?" என்று கேட்கும். பெரும்பாலான பெற்றோர் இவ்வினாவிற்கு, "அதற்குச் சிறகு இருக்கிறது, இதற்கு எந்திரம் இருக்கிறது, அதற்கு மருந்து இருக்கிறது" என்று விடை கூறி அமைவர். இவ்விடை தவறன்று, ஆயினும் நிறைவானதும் அன்று. சிறகும் எந்திரமும் மருந்தும் எதைச் செய்வதால் அவை மேலே நிற்கின்றன என்பதே வினா. இவ்வுரை அவ்வினாவைத் தமிழ்ச் சொற்களின் வழியே அணுகுகிறது.

சொல்லும் கற்பனையும்

வானம், வாணம் என்னும் இரு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. வாணம் என்பதற்கு அம்பு என்றும் பொருள் உண்டு. வடமொழியின் 'பாணம்' தமிழில் 'வாணம்' ஆயிற்று என்பர். ஆகவே கோயில் திருவிழாவில் கொளுத்தப்பெறும் வாணம், சொல் அளவில், நெருப்பு அம்பே ஆகும். குறி நோக்கிப் பாயும் பொருளுக்கு அமைந்த அப்பெயர் பின்னர்க் கூறப்படுவதற்கும் பொருந்துவதைக் காணலாம்.

வானில் செல்லும் ஊர்தியைப் பற்றிய கற்பனை தமிழில் மிகப் பழையது. புறநானூற்றின் 27-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் செலுத்துவோன் தேவைப்படாத வான ஊர்தியை எய்துவர் என்கிறார். அவரே 30-ஆம் பாடலில், ஞாயிறு செல்லும் வழியையும் காற்று இயங்கும் திசையையும் பற்றுக்கோடு ஏதுமின்றி நிற்கும் வானத்தையும் நேரில் சென்று அளந்தவர்போல உரைப்போர் உளர் என்று குறிப்பிடுகிறார். 66-ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோர் காற்றைப் பணிகொண்டு கடலில் கலம் செலுத்தியதைப் போற்றுகிறார்.

சீவக சிந்தாமணியில் இக்கற்பனை மேலும் விரிவடைகிறது. சச்சந்தன் தன் தேவி விசயைக்காக மயில் வடிவில் பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். பொறியை வலப்பக்கம் திருகினால் மேலே எழும். இடப்பக்கம் திருகினால் கீழே இறங்கும். கட்டியங்காரன் படை சூழ்ந்தபோது கருவுற்றிருந்த அரசி அதிலேறித் தப்புகிறாள். பகைவனின் வெற்றி முரசொலி கேட்டு அவள் மயங்க, மயிற்பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.

இவற்றைச் சான்றாகக் கொண்டு, பண்டைத் தமிழர் விமானம் செய்து பறந்தனர் என்று முழங்குவார் உண்டு. அது புலவர்க்குச் செய்யும் சிறப்பாகாது. அப்பொறி எந்த விசையால் எழுந்தது, எதை உந்தி எழுந்தது என்று காப்பியம் கூறவில்லை. கூற வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. திருத்தக்கதேவர் தந்தது கற்பனை. ஆயினும் ஏறுவதற்கு ஒரு திருகு வைத்த அப்புலவர் இறங்குவதற்கும் ஒரு திருகு வைத்தார் என்பது எண்ணத்தக்கது. பறத்தல் என்பது ஏறுதல் மட்டுமன்று. பாதுகாப்பாக இறங்குதலும் ஆகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இனி, வானில் நிற்கும் பொருள்கள் செய்யும் செயல்களை நான்கு தமிழ் வினைகளாகப் பகுக்கலாம். அவை மிதத்தல், பறத்தல், பாய்தல், வீழ்தல் என்பன.

மிதத்தல்

வானில் மனிதனை முதலில் ஏற்றியது எந்திரம் அன்று. காகிதமும் துணியும் சூடான காற்றுமே ஆகும். பிரான்சு நாட்டின் அனோனே என்னும் ஊரில் காகிதம் செய்யும் குடும்பத்தில் பிறந்த மோங்கோல்பியே உடன்பிறந்தார் இருவர், 1783 சூன் 4-ஆம் நாள் தங்கள் பலூனை மக்கள் முன்னிலையில் பறக்கவிட்டனர். அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் பாரிசு நகரின்மேல் இருவர் அத்தகைய பலூனில் பயணம் செய்தனர். காகிதத்தையும் அச்சையும் வெடியையும் வாழ்வாகக் கொண்ட சிவகாசி மக்கள், வானவழியின் முதல் வெற்றி ஒரு காகிதத் தொழிற் குடும்பத்தினுடையது என்பதை அறிந்தால் மகிழ்வர்.

புகைக்கே மேலே தூக்கும் தனி ஆற்றல் உண்டு என்று அவ்வுடன்பிறந்தார் நம்பினர். உண்மை வேறு. காற்றுக்கும் எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ளது. அதனை நீர் கொதிக்கும் வெப்பத்திற்குச் சூடாக்கினால் அது விரிந்து, அதே கன மீட்டரில் ஏறத்தாழ 0.95 கிலோ மட்டுமே எஞ்சும். இந்தக் கால் கிலோ வேறுபாடே பலூனின் தூக்கும் ஆற்றல். கூடை, துணி, மனிதர் எல்லாம் சேர்ந்து 250 கிலோ ஆனால், அதனைத் தூக்க 1000 கன மீட்டர் சூடான காற்று வேண்டும். நீரில் கட்டை மிதப்பதுபோலக் காற்றுக் கடலில் பலூன் மிதக்கிறது. தன்னிலும் எடை மிகுந்த குளிர்ந்த காற்று கீழே இறங்கி இடம் கொள்ள, பலூன் மேலே தள்ளப்படுகிறது.

பறத்தல்

பருந்தும் வானூர்தியும் காற்றினும் எடை மிக்கவை. அவற்றால் மிதக்க இயலாது. அவை காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் நிற்கின்றன. சற்றே சாய்ந்த சிறகு முன்னோக்கி விரையும்போது, அதன் மேலும் கீழுமாகச் செல்லும் காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. சிறகு காற்றைக் கீழே தள்ள, காற்று சிறகை மேலே தள்ளுகிறது. 1687-இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி இதுவே. இதனையே வேறொரு முறையிலும் கணக்கிடலாம்: சிறகின் மேற்புறத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது, கீழ்ப்புறத்தில் மிகுகிறது, அவ்வேறுபாடு சிறகை உயர்த்துகிறது. இவை இரண்டும் மாறுபட்ட கொள்கைகள் அல்ல. ஒரே நிகழ்ச்சியின் இரு கணக்குகள்.

பள்ளிகளில் நெடுங்காலமாக ஒரு விளக்கம் வழங்கிவருகிறது. சிறகின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே செல்லும் காற்று நெடுந்தொலைவு கடக்க வேண்டியுள்ளது; கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைய வேண்டி அது விரைகிறது என்பது அவ்விளக்கம். இது பிழை. பிரிந்து சென்ற காற்று மீண்டும் ஒரே நேரத்தில் கூட வேண்டும் என்னும் கட்டாயம் இயற்கையில் இல்லை. உண்மையில் மேலே சென்ற காற்று முந்தியே பின்விளிம்பை அடைகிறது. சாகச வானூர்திகள் தலைகீழாகவும் பறக்கின்றன என்பதே அவ்விளக்கத்திற்குப் போதிய மறுப்பு. சிறகு காற்றைச் சந்திக்கும் கோணமே முதன்மையானது. அக்கோணம் அளவுக்கு மிஞ்சினால் காற்று சிறகை விட்டுப் பிரிந்து சிதறும். தூக்கும் விசை குலையும். வானூர்தி வீழத் தொடங்கும்.

ஏர்பஸ் 320 வகை வானூர்தி ஒன்று, முழுச் சுமையுடன் எழும்போது ஏறத்தாழ 78 டன் எடையுள்ளது. அதன் சிறகுகளின் பரப்பு ஏறத்தாழ 122 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரும் 640 கிலோ அளவு சுமையைத் தாங்க வேண்டும். கேட்பதற்கு இது மலைப்பாகத் தோன்றும். ஆனால் கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின்மேலும் காற்று மண்டலம் 10 டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அதில் நூற்றுக்கு ஆறு பங்கு வேறுபாட்டை உண்டாக்கினால் போதும்; அத்துணைப் பெரிய ஊர்தி எழுந்துவிடும். சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே ஊர்தி ஓடுபாதையில் இன்னும் நெடுந்தொலைவு ஓடிய பின்னரே எழ இயலும்.

தூக்கும் விசை வேறு, முன்னோக்கி உந்தும் விசை வேறு என்று 1799-இல் தெளிவுபடுத்தியவர் இங்கிலாந்தின் சார்ச்சு கெய்லி. பறவையைப்போலச் சிறகடித்தே பறக்க வேண்டும் என்று அதுவரை முயன்றோர் தோற்றதன் காரணம் அதனால் விளங்கிற்று. 1903 திசம்பர் 17-ஆம் நாள் ரைட் உடன்பிறந்தார் அமெரிக்காவில் எந்திர ஊர்தியில் பறந்தனர். அந்நாளின் முதற்பறப்பு 12 நொடி நீடித்தது. கடந்த தொலைவு 120 அடி.

கரிசற்காட்டுப் பருந்து சிறகடிக்காமலே மேலே செல்வது எப்படி? கரிய மண் வெயிலை மிகுதியாக உள்வாங்குகிறது. அதன்மேல் சூடேறிய காற்று தூண்போல எழுகிறது. பருந்து அத்தூணுக்குள் வட்டமிடுகிறது. தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தவரை அது சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. காற்று அதனினும் விரைவாக ஏறுவதால் பறவையும் உயர்கிறது. மழை பொய்க்கும் நிலம் என்று பழிக்கப்பெறும் கரிசல், பருந்துக்கு ஏணியாகிறது.

ஓர் ஆசிரியர் பறவையைக் காட்டிப் பாடம் சொன்னார். 1985-இல் விருதுநகர் மாவட்டம் தனியே பிரியும்வரை சிவகாசியும் இராமேசுவரமும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களாக இருந்தன. இராமேசுவரத்துப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டி, பின்னர் மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டி விளக்கினார் என்று அப்துல் கலாம் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அந்த ஒரு பாடம் எங்கே சென்று முடிந்தது என்பதை நாடறியும்.

பாய்தல்

வானூர்தி தள்ளுவதற்குக் காற்று வேண்டும். வாணத்திற்கு அதுவும் வேண்டா. தான் தள்ள வேண்டிய பொருளைத் தானே சுமந்து செல்வது வாணம்.

ராக்கெட் வாணத்தின் அமைப்பு எளிமையானது. இறுக உருட்டிய காகிதக் குழாய், அதனுள் வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த மருந்து, அடியில் சிறு துளையுள்ள களிமண் அடைப்பு, துளையில் திரி, பக்கத்தில் கட்டிய நீண்ட குச்சி. மரபான கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிவதற்கு வேண்டிய உயிர்வளியை வெடியுப்பே தருகிறது. ஆகவே வெளிக்காற்றின் துணை இன்றியே மருந்து எரியும். எரிந்து பெருகும் வளி துளை வழியே கீழே சீறிப் பாய, குழாய் மேலே பாய்கிறது. குச்சி அழகுக்கன்று. அது வாணத்தின் வாலைக் காற்றில் பின்தங்கச் செய்து தலையை நேரே நிறுத்துகிறது. குச்சி முறிந்த வாணம் திசைகெட்டு வீட்டிற்குள் புகும் என்பதை ஊர்ச் சிறுவரும் அறிவர்.

வெற்றிடத்தில் ராக்கெட் செல்லாது, ஏனெனில் உந்தித் தள்ள அங்குக் காற்றில்லை என்று எண்ணியோர் கற்றவருள்ளும் இருந்தனர். 1920 சனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழ், அறிவியலறிஞர் காடர்டு பள்ளிப் பாடம்கூட அறியாதவர் என்னும் பொருள்பட எள்ளி எழுதியது. அப்பல்லோ 11 நிலவை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், 1969 சூலை 17-இல், தன் பிழைக்கு அவ்விதழ் வருத்தம் தெரிவித்தது. வாணம் தள்ளுவது வெளிக்காற்றை அன்று. தன் வயிற்றிலிருந்து வெளியேறும் வளியையே என்பதை ஏற்க அரை நூற்றாண்டு பிடித்தது.

ராக்கெட்டின் வரலாறு தமிழ் மண்ணையும் தொட்டுச் செல்கிறது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலியும் திப்புவும் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தனர். அப்போரில் மைசூர்ப் படையினர் இரும்புக் குழாயில் மருந்தடைத்த ராக்கெட்டுகளைப் பயன்படுத்தினர். காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால் அவை நெடுந்தொலைவு சென்றன. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவற்றுள் சில இங்கிலாந்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவற்றை ஆராய்ந்தே காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார். அமெரிக்காவின் வாலப்சு தீவு நிலையத்தில் மைசூர்ப் படையின் ராக்கெட் போர் ஓவியமாக மாட்டப்பட்டிருக்கக் கண்டு வியந்ததை அப்துல் கலாம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் பதிவுசெய்துள்ளார். 1963 நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் செலுத்தப்பட்டது. 1980 சூலை 18-ஆம் நாள், அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ரோகிணிக் கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இன்று திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. சிவகாசியின் வாணமும் மகேந்திரகிரியின் எந்திரமும் அளவால் வேறுபட்டவை; விதியால் ஒன்றே.

வீழ்தல்

நான்காவது வினை வியப்பிற்குரியது. எருக்கங்காய் வெடித்ததும் பட்டுப்போன்ற இழைகளுடன் விதை காற்றில் அலைகிறது. சிறுவர் அதனைத் 'தாத்தாப் பூச்சி' என்று துரத்துவர். அது பறக்கவில்லை, மெல்ல வீழ்கிறது. இழைகள் காற்றை எதிர்ப்பதால் வீழ்ச்சி தாமதமாகிறது. வான்குடையும் அவ்வாறே.

பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையமும் வீழ்ந்துகொண்டே இருக்கிறது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில் அப்படியே உள்ளது. ஆனால் நிலையம் மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பக்கவாட்டில் செல்வதால், அது வீழும் அளவிற்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிவிடுகிறது. ஓயாமல் வீழ்வதே அங்கு நிற்பதாகிறது. அந்த விரைவை அதற்கு அளித்ததும் கீழ்நோக்கிச் சீறிய நெருப்பே.

தாங்குவோர்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வானில் எதுவும் இலவசமாக நிற்பதில்லை. பலூனுக்காகக் குளிர்ந்த காற்று கீழிறங்குகிறது. சிறகுக்காகக் காற்று கீழே தள்ளப்படுகிறது. வாணத்திற்காக மருந்து எரிந்து கீழே சீறுகிறது. மேலே நிற்பதற்குரிய விலை கீழே கொடுக்கப்படுகிறது.

சிவகாசியில் அவ்விலையைக் கொடுப்பது காற்றும் மருந்தும் மட்டுமல்ல. 1922-ஆம் ஆண்டளவில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து இவ்வூரின் தொழில் வரலாறு தொடங்குகிறது. மழை குறைந்த நிலமும் உலர்ந்த காற்றும் அத்தொழிலுக்குத் துணைநின்றன. பின்னர்ப் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. ஒரு ராக்கெட் வாணம் வானில் எரிவது சில நொடிகள். அதற்காகக் குழாய் உருட்டுவோர், மருந்து செலுத்துவோர், திரி வைப்போர், குச்சி கட்டுவோர், தாள் ஒட்டுவோர் எனப் பல கைகள் நாளெல்லாம் உழைக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி பெண்களின் கைகள். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாண்டன. உதவிக்கு ஓடிச்சென்றோரும் அவருள் இருந்தனர். அதற்குப் பின்னும் விபத்துகள் நின்றபாடில்லை.

தமிழில் 'மருந்து' என்னும் ஒரே சொல் நோய் தீர்ப்பதையும் குறிக்கிறது, வெடிப்பதையும் குறிக்கிறது. இரண்டிலும் அளவே உயிர். வாணமும் வெடியும் ஒரே வகை எரிதலால் இயங்குபவை. எரிந்த வளிக்கு வெளியேற வழியிருந்து, எரிதல் சீராக நடந்தால் அது வாணம். வழி அடைபட்டாலோ, எரியும் பரப்பு திடீரெனப் பெருகினாலோ அது வெடி. குழாய்க்குள் இறுகிய மருந்தில் ஒரு விரிசல் விழுந்தால் எரியும் பரப்பு கூடும். மேலே செல்ல வேண்டியது கையருகே வெடிக்கும். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும். குவித்து வைத்தால் உட்சூடு வெளியேற வழியின்றிப் பெருகும். அதனாலன்றோ மீந்த மருந்தை இரவில் வைத்தல் ஆகாது என்றும், ஓர் அறையில் இத்துணை மருந்து, இத்துணைப் பேர் என்றும் விதிகள் வகுக்கப்பட்டன! விண்வெளித் துறையின் பெரிய ராக்கெட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 1986 சனவரி 28-இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் பக்கத் துணை ராக்கெட்டில் ஓர் இணைப்பு அடைப்பு நெகிழ்ந்தது, நெருப்பு தவறான வழியே வெளியேறியது, எழுவர் மாண்டனர். சிற்றறையிலும் பெருங்கலத்திலும் நெருப்பு ஒரே இலக்கணத்தைப் பின்பற்றுகிறது.

அவ்விலக்கணம் தொழிலாளியின் மொழியில் உள்ளதா? "உராயாதே, குவிக்காதே, ஈரம் படவிடாதே" என்று சுவர்கள் கூறுகின்றன. ஏன் என்று கூறுவது அரிது. காரணம் அறியாத விதி, அவசரத்தில் முதலில் கைவிடப்படும். காரணம் அறிந்தவர், மேலாளர் அருகில் இல்லாதபோதும் அதனைக் காப்பார். தொழிலாளியிடம் மருந்து, மணிமருந்து, திரி, அடைப்பு என்னும் சொற்கள் உள்ளன. பாடநூலிடம் உந்துவிசை, அழுத்தம், எரிவீதம் என்னும் சொற்கள் உள்ளன. இவ்விரு தமிழும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பெ. நா. அப்புசுவாமி இருபதாம் நூற்றாண்டில் அறிவியலை எளிய தமிழில் எழுதிக் காட்டினார். விண்வெளித் துறையில் பணியாற்றிய நெல்லை சு. முத்து அவ்வழியைத் தொடர்ந்தார். இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் வாய்ச்சொற்களைத் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். இவ்விரு பணிகளும் கூடும் இடம் சிவகாசியே.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் அடுத்த பத்தாண்டில் ஒரு சிறு நூலேனும் தர முன்வருதல் வேண்டும். பட்டாசுத் தொழிலாளர் வாய்மொழிச் சொற்களை அவர்களிடமே கேட்டுத் திரட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும், ஒவ்வொரு விதிக்கும் காரணமும் எளிய தமிழில் எழுதி, உணவு இடைவேளையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வண்ணம் அது அமைதல் வேண்டும். சங்கப் பாடலுக்கு உரை எழுதும் தமிழ், ஒரு தாய் மாலையில் உயிருடன் வீடு திரும்புவதற்கும் உரை எழுத வேண்டும். மயிற்பொறிக்கு இறங்கும் திருகு வைத்த புலவரின் வழிவந்தோர்க்கு இது புதிய கடமையன்று.

வாணம் வானை எட்டட்டும். அதனைச் செய்த கைகள் மண்ணில் நலமுடன் இருக்கட்டும்.